பிழையை அளந்த பெருமேதை

கணக்கின் விடை துல்லியமாகக் கிடைக்காத இடத்தில் தோராய விடையே துணையாகிறது. அவ்விடை எவ்வளவு பிழைபடக்கூடும் என அறிந்தால்தான் அதனை நம்பிப் பயன்படுத்த இயலும். தோராயத்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் தம் வாழ்விலேயே கண்டுணர்ந்தவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

இவர் 1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார்; கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தேர்ச்சி பெறாமையால் கல்லூரிப் படிப்பை இழந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். தாம் கண்ட சூத்திரங்களைப் பெரும்பாலும் நிறுவல் இன்றியே குறிப்பேடுகளில் எழுதிவைத்தார்.

1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். அவற்றுள் பல ஹார்டியை வியப்பில் ஆழ்த்தின. ஆயினும், பகா எண்களின் எண்ணிக்கையைக் காட்டும் சூத்திரத்தின் பிழை மிகச் சிறியது என்று இராமானுஜன் கொண்டது பொருந்தவில்லை. சிறிய எண்களுக்கு நன்கு ஒத்துவந்த அச்சூத்திரத்தின் பிழை, எண்கள் பெருகும்போது எல்லை கடந்துவிடும். சரிபார்த்த எடுத்துக்காட்டுகள் எத்தனை இருப்பினும் அவை நிறுவல் ஆகா என்பதை இது உணர்த்தியது.

1914இல் இராமானுஜன் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டு வெளியான கட்டுரையில் நீள்வட்டத்தின் சுற்றளவை ஆராய்ந்தார். வட்டத்திற்கு இருப்பதுபோல் இதற்கு எளிய சூத்திரம் இல்லை. அதைத் தரும் தொகையீட்டைத் தோராயமாகவே மதிப்பிட வேண்டும். இராமானுஜன் தோராயச் சூத்திரத்தோடு அதன் பிழையளவையும் தந்தார். அது மையத்தொலைத்தகவின் 20ஆம் அடுக்கைப் பொறுத்தது. மையத்தொலைத்தகவு அரையாயின், அவ்வடுக்கு பத்து இலட்சத்தில் ஒன்றினும் சிறிது. அதனை மேலும் மிகப் பெரிய எண் ஒன்றால் வகுத்து, நெட்டச்சின் பாதியால் பெருக்கக் கிடைப்பதே பிழை!

1918இல் ஹார்டியுடன் இணைந்து பிரிவினை எண்களுக்குச் சூத்திரம் கண்டார். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200 என்னும் எண்ணுக்கோ அவ்வகைகள் 3,97,299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388. இதனை மேக்மகான் என்னும் அறிஞர் கையால் கணக்கிட்டு முடித்தார். இருவரும் அவ்வெண்ணிக்கையை ஒரு தொகையீடாக எழுதி, அதன் முதன்மைப் பகுதிகளை மதிப்பிட்டு, எஞ்சியதற்குப் பிழை எல்லை வகுத்தனர். சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது வேறுபாடு 0.004 மட்டுமே. எண்ணிக்கை முழு எண்ணாதலால் பிழை அரையினும் குறைந்தாலே உண்மை விடை உறுதியாகிவிடும். பிழையின் அளவை அறிந்தமையால் தோராயமே துல்லியமாயிற்று.

அதே ஆண்டில் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. நோயுற்று 1919இல் தாயகம் திரும்பிய இராமானுஜன், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் 32ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த நாளைத் தேசியக் கணித நாளாக இந்தியா கொண்டாடி வருகிறது.