ஸ்ரீ ஆளவந்தாரும் தூதுவளைக் கீரையும்

சோழநாட்டில் வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலில், ஆடி உத்திராடத் திருநாளில், ஸ்ரீமந் நாதமுனிகளின் திருப்பேரனாராகவும் ஈச்வரமுனிகளின் திருக்குமாரராகவும் அவதரித்தவர் யமுனைத்துறைவர். வடநாட்டு யாத்திரையில் யமுனைக்கரைக் கண்ணனைச் சேவித்து ஈடுபட்ட பாட்டனார் உகந்து நியமித்த திருநாமம் அது. தாம் பெற்ற அரும்பொருளை இப்பேரனிடம் சேர்ப்பிக்கும்படி உய்யக்கொண்டாருக்கு நியமித்து நாதமுனிகள் பரமபதித்தார். உய்யக்கொண்டார் அப்பொறுப்பைத் தம் சீடரான மணக்கால் நம்பியிடம் ஒப்புவித்தார்.

பேரனாரின் வாழ்வோ வேறு வழியில் சென்றது. இளம் பருவத்திலேயே ஆக்கியாழ்வான் என்னும் அரசவைப் பண்டிதரை வாதத்தில் வென்று, சோழ ராணியால் ஆளவந்தார் என்று கொண்டாடப் பெற்று, மன்னன் வாக்களித்தபடி பாதி ராஜ்யத்தையும் பெற்றார். அரண்மனையும் போகமுமே அவருக்கு உலகமாயின. பாட்டனார் வைத்துச் சென்ற நிதியை அவர் நினைக்கவுமில்லை.

மணக்கால் நம்பியின் நிலையை அடியார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசார்யனுடைய கட்டளை ஒருபுறம். தானே விரும்பி ஏற்ற வாழ்வில் மகிழ்ந்திருக்கும் அரசர் மறுபுறம். வாயிற்காவலைக் கடந்து உள்ளே செல்லவும் வழியில்லை. அப்படியே சென்று குலப்பெருமையை எடுத்துச் சொல்லி இடித்துரைத்திருந்தாலும், வாதத்தில் வெல்லப் பிறந்த அவர் அதற்கும் ஒரு விடை சொல்லியிருப்பார். ஆகவே நம்பி மடைப்பள்ளிக்காரரை அணுகினார். ஆளவந்தாருக்குத் தூதுவளைக் கீரையில் விருப்பம் உண்டென்று அறிந்து, ஸத்வ குணத்தை வளர்ப்பதான அக்கீரையை நாள்தோறும் கொணர்ந்து கொடுத்தார். இப்படி 6 மாதங்கள் சென்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் நாம் 6 நாள் பொறுப்பதும் அரிதல்லவா!

பிறகு சில நாட்கள் கீரையை நிறுத்திவிட்டார். அமுது செய்யும்போது கீரை காணாத ஆளவந்தார் காரணம் கேட்க, முதிய அந்தணர் ஒருவர் கொணர்ந்து வந்த செய்தி வெளிப்பட்டது. நம்பியை வரவழைத்து ஆசனமளித்து, வேண்டுவது யாது என்று வினவினார். தாம் எதையும் பெற வரவில்லை என்றும், முன்னோர் தேடிவைத்த நிதி ஒன்றைக் கொடுக்க வந்ததாகவும், அதற்காகத் தடையின்றி வந்துபோக அனுமதி மட்டும் போதும் என்றும் நம்பி விண்ணப்பித்தார். அனுமதி கிடைத்தது. கீதையின் 18 அத்யாயங்களையும் கேட்கக் கேட்க அரசபோகம் கசந்தது. எம்பெருமானை அடையும் வழி யாது என்று ஆளவந்தார் தாமே கேட்கலானார். அதன் பின்னரே நம்பி அவரைத் திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்று, இரண்டு ஆறுகளுக்கு நடுவே 7 திருமதில்களுக்குள் கண்வளரும் பெரிய பெருமாளைக் காட்டி, அந்நிதி இதுவே என்றார். ஆளவந்தார் அரசைத் துறந்து துறவறம் ஏற்றார். ஸ்தோத்ர ரத்நம், சது:ச்லோகீ, கீதார்த்த ஸங்க்ரஹம், ஆகம ப்ராமாண்யம், ஸித்தித்ரயம் முதலிய நூல்களை அருளிச்செய்தார்.

தம்மைத் திருத்திய முறையை அவர் மறக்கவில்லை என்பது காஞ்சியில் தெரிந்தது. 1017-ல் அவதரித்த இளையாழ்வார், அதாவது பின்னாளைய எம்பெருமானார், அப்போது யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் பயின்று வந்தார். பேரருளாளன் ஸந்நிதியில் திருக்கச்சி நம்பிகள் சுட்டிக்காட்ட, சீடர் குழாத்தின் நடுவே அவரைக் கடாக்ஷித்த ஆளவந்தார், தரிசனத்தைத் தாங்க வல்லவர் இவரே என்று உணர்ந்தார். ஆயினும் அருகே அழைத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேறோர் ஆசிரியரிடம் ஓதிக்கொண்டிருப்பவரை அங்கிருந்து பிரிப்பது அவர் திருவுள்ளத்திற்கு ஒவ்வவில்லை போலும். பேரருளாளன் திருவடிகளில் அவரை ஒப்படைத்துச் சரணம் புகுந்து, திருவரங்கம் திரும்பினார்.

காலம் கடந்தது. ஆளவந்தார் திருமேனி தளர்ந்திருந்த நாளில், இளையாழ்வார் யாதவரை விட்டுத் தாமே விலகினார் என்ற செய்தி எட்டியது. உடனே பெரிய நம்பியைக் காஞ்சிக்கு அனுப்பினார். அவரும் வற்புறுத்தவில்லை, பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்து வந்த இளையாழ்வாரின் செவியில் விழுமாறு ஸ்தோத்ர ரத்நத்தை அநுஸந்தித்தார். இதை அருளிச்செய்தவர் யார் என்று கேட்டறிந்த இளையாழ்வார் அப்போதே உடன் புறப்பட்டார்.

இருவரும் காவேரிக்கரையை அடைந்தபோது அங்கே பெருங்கூட்டம் கூடியிருந்தது. ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். அவருடைய திருக்கையில் 3 விரல்கள் மடங்கியிருந்தன. அவருடைய மனோரதங்கள் மூன்றையும் நிறைவேற்றுவதாக இளையாழ்வார் ப்ரதிஜ்ஞை செய்ய, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆளவந்தாரோடு பேசும் பாக்கியத்தைத் தராத அரங்கன்மேல் மனம் நொந்து, ஸந்நிதிக்குள் புகாமலேயே அவர் காஞ்சிக்குத் திரும்பினார்.