தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் அம்மாள்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் அலைமோதும். தென்காசியில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள்.

அப்படி ஒரு வீட்டில், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு சென்னையில் இருந்து திரும்பிய பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது மூலிகைத் தண்ணீர், ஒரு தடவை குளித்தால் உடம்பு தேறிவிடும் என்று உறவினர்கள் ஆசையோடு அழைப்பார்கள்.

போகலாமா?

பதில் சொல்வதற்கு முன், இப்படிப்பட்ட நோயாளிகளுக்காகவே சென்னை அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியை உண்டாக்கிய அம்மையாரின் கதையைத் தெரிந்துகொள்வோம்.

அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி!

புதுக்கோட்டைச் சிறுமி

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர். தாயார் சந்திரம்மாள்.

பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வரவே தயங்கிய காலம் அது. ஆனால் முத்துலட்சுமிக்குப் படிப்பில் தீராத ஆசை. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் முதல் மாணவியாக நுழைந்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

பிறகு அரசியலிலும் புகுந்தார். சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர் இவரே. துணைத் தலைவராகவும் ஆனார். கோவில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். அதற்கான சட்டம் 1947-ல் நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

தங்கையின் முடிவு

இத்தனை வெற்றிகளுக்கு நடுவே ஒரு துயரம் அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். அக்காள் டாக்டர். அத்தான் டாக்டர். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. தங்கை துடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு டாக்டர் வீட்டுக்கே இந்த நிலை என்றால் ஏழை வீட்டின் கதி என்ன? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி கட்டியே தீருவது என்று உறுதி கொண்டார்.

12 படுக்கைகள்

அது காலராவும் மலேரியாவும் காசநோயும் மக்களை வாட்டிய காலம். முதலில் அவற்றை ஒழிக்க வேண்டாமா? புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகிறார்? இப்படி நினைத்தவர்களே அதிகம்.

அம்மையார் தளரவில்லை. மாதர் சங்கத்தின் சார்பில் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந்தேதி அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

அன்று அங்கே இருந்தவை 12 படுக்கைகள்தான்!

அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பணிபுரிந்தார். 1955-ல் டாக்டர் சாந்தா என்ற இளம்பெண் வந்து சேர்ந்தார். அவர் 2021-ல் மறையும் வரை அந்த ஆஸ்பத்திரிதான் அவருக்கு உலகம். 12 படுக்கைகள் பல நூறாகப் பெருகின.

இன்னொரு எதிரி

புற்றுநோய்க்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அந்த மருந்துகளுக்கு ஒரு குணம் உண்டு. வேகமாகப் பெருகும் புற்று அணுக்களைக் கொல்லும்போது, நம் ரத்தத்தில் காவல்காரன்போல் இருக்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களில் அவை மிகவும் குறைந்து இருக்கும்.

காவல்காரன் இல்லாத வீட்டில் திருடன் புகுவதுபோல், அப்போது கிருமிகள் எளிதில் புகுந்துவிடும். மற்றவருக்குச் சாதாரண வயிற்றுப்போக்கு, இவருக்கு உயிருக்கு ஆபத்து. உடலில் பதுங்கி இருக்கும் காசநோய்க் கிருமிகூடத் தலைதூக்கலாம்.

ஆக, தொற்றுநோயை முதலில் ஒழிப்போம், புற்றுநோயைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்துப் பேச முடியாது. புற்றுநோயை வென்றுவரும் நோயாளி, தொற்றுநோய்க்குப் பலியாகக் கூடாது அல்லவா?

வீட்டில் உள்ளவர்கள் செய்யவேண்டியது இதுதான்:

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். உணவை அப்போதைக்கு அப்போது சமைத்துச் சூடாகப் பரிமாறுங்கள். தொடுமுன் சோப்புப்போட்டுக் கை கழுவுங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் பார்க்க வரவேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் ஓடவேண்டாம். தென்காசியிலேயே மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. மருந்து ஏற்றிய சீட்டோடு உடனே போங்கள். எந்த நாளில் என்ன மருந்து ஏற்றினார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

அருவிக்குப் போகலாமா? அந்த நாட்களில் வேண்டாம். காட்டில் இருந்து ஓடிவரும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு குளிக்கும் இடத்தில் நோய் தொற்றலாம். அருவி எங்கும் ஓடிவிடாது. வைத்தியம் முடிந்து டாக்டர் சம்மதித்த பிறகு, அடுத்த சாரலுக்குக் குடும்பத்தோடு போய் ஆனந்தமாகக் குளிக்கலாம்!

ஆடி மாதத்தில்

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந்தேதி காலமானார்.

அவர் பிறந்ததும் ஆடி மாதம். மறைந்ததும் ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் காலம்!

தங்கையை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் கண்ணீர், பல்லாயிரம் தங்கைகளுக்கு வழிகாட்டியது. அப்படி வைத்தியம் பெற்று வீடு திரும்பிய தங்கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.