டிராகுலாவாக நடித்த அகதி

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில், சினிமா வரலாற்றுப் பாடத்துக்காக 1931இல் வெளிவந்த டிராகுலா திரைப்படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். விரிவுரை மண்டபத்தின் யன்னல்களை மூடிவிட்டு முப்பது பேரளவில் இருந்து பார்த்தோம். எங்களில் ஒருவருக்கும் பயம் வரவில்லை. கறுப்பு மேலங்கி போட்ட ஒரு மனிதர் பெரிய படிக்கட்டில் நின்று, ஒவ்வொரு சொல்லாக இழுத்து, பாரமான எதையோ தூக்கி வைப்பது போல ஆங்கிலம் பேசினார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த சில நாட்களுக்கு கன்டீனில் அவரைப் போலப் பேசிக் காட்டுவதுதான் எங்களுடைய பகிடி.

அந்த நடிகரின் பெயர் பெலா லுகோசி. பிறகு ஒப்படை ஒன்றுக்காக அவருடைய வாழ்க்கையைத் தேடி வாசித்தபோது, அன்று சிரித்ததை நினைத்துக் கூச்சமாக இருந்தது. இரத்தக் காட்டேரி என்று உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்த மனிதர் போரில் காயப்பட்டவர். நாட்டை விட்டு ஓடியவர். தான் பிறந்த ஊர் இன்னொரு நாட்டின் எல்லைக்குள் போனதைப் பார்த்தவர். எங்களைச் சிரிக்க வைத்த அந்த ஆங்கிலம், முப்பத்தெட்டு வயதில் அகதியாகக் கரையிறங்கிய ஒருவர் பாடுபட்டுப் படித்த ஆங்கிலம்.

அவர் 1882 ஒக்டோபர் 20ஆம் திகதி லுகோஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஹங்கேரி இராச்சியத்தில் இருந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டதில் ருமேனியாவுக்குப் போய், இன்று லுகோஜ் என்று அழைக்கப்படுகிறது. தகப்பனின் குடும்பப் பெயர் பிளாஸ்கோ. நாடகத்துக்கு வந்த பிறகு மகன் அதை விட்டுவிட்டு லுகோசி என்று வைத்துக்கொண்டார். ஹங்கேரிய மொழியில் அதற்கு லுகோஸ் ஊர்க்காரர் என்று பொருள். ஊர்ப்பெயரை முன்னெழுத்தாகவும் புனைபெயராகவும் கொண்டு நடக்கும் எங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அவர் திரும்பிப் போய் வாழாத ஊர், கடைசி வரைக்கும் அவருடைய பெயரில் இருந்தது.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, சிறுவனாகவே வீட்டை விட்டு வெளியேறி, சுரங்கத்தில் வேலை செய்து, ஊர் ஊராகப் போன நாடகக் குழுக்களில் சேர்ந்து நடிகரானார். 1913இல் புடாபெஸ்டில் உள்ள தேசிய நாடக அரங்கில் இடம் கிடைத்தது. அங்கே அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சின்னப் பாத்திரங்கள். ஆனால் ஹங்கேரியில் இருந்த காலத்தில், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் நாடகம் ஒன்றில் இயேசுவாகவும் நடித்தார். தாடியும் நீள முடியுமாக அவர் நிற்கும் படம் இன்றும் இருக்கிறது. அதைப் பார்த்தால் டிராகுலாவாக நடித்தவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

1914இல் போர் தொடங்கியது. தேசிய அரங்கின் நடிகர் என்றபடியால் அவர் போகாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் விரும்பியே படையில் சேர்ந்தார். ரஷ்ய முனையில் காலாட்படை அதிகாரியாக இருந்து காயப்பட்டு 1916இல் விடுவிக்கப்பட்டார். காயப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் பதக்கம் ஒன்று கொடுத்தார்கள். நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் கூட வந்தது. அது அந்தப் போரில் பட்ட காயத்தின் மிச்சம் என்றே சொல்லப்படுகிறது.

போர் முடிந்தும் அவருக்கு ஊரில் இருக்கக் கிடைக்கவில்லை. 1919இல் பெலா குன் தலைமையில் ஹங்கேரியில் ஒரு கம்யூனிச அரசு வந்தது. லுகோசி அந்த நாட்களில் நடிகர்களுக்கான தொழிற்சங்கத்தைக் கட்டும் வேலையில் முன்னுக்கு நின்றார். அந்த அரசு 133 நாட்கள்தான் நின்று பிடித்தது. அது விழுந்ததும் அதனோடு சேர்ந்து வேலை செய்தவர்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள். லுகோசி மனைவியோடு வியன்னாவுக்குத் தப்பி ஓடினார். அங்கிருந்து மனைவி தன் பெற்றோரிடம் திரும்பிப் போனார். அந்தத் திருமணம் அதோடு முறிந்தது. இவர் ஜெர்மனிக்குப் போய் சில மௌனப் படங்களில் நடித்தார். 1920 டிசம்பரில் சரக்குக் கப்பல் ஒன்றின் பணியாளாக அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்தில் இறங்கினார். 1921 மார்ச்சில் எல்லிஸ் தீவில் குடிவரவு அதிகாரிகள் அவரைப் பதிவு செய்தார்கள்.

நியூயோர்க்கில் இருந்த ஹங்கேரியக் குடியேறிகளுக்கு ஹங்கேரிய மொழியிலேயே நாடகம் போட்டார். 1922இல் முதற்தடவையாக ஆங்கில நாடகம் ஒன்றில் நடிக்கக் கிடைத்தபோது அவருக்கு அந்த மொழி போதாது. வசனங்களின் பொருளைப் பிறகு பார்ப்போம் என்று, ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து மேடை ஏறினார். கல்லைத் தூக்கி வைப்பது போன்ற அந்தப் பேச்சின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

1927 ஒக்டோபரில் நியூயோர்க்கின் பிராட்வே அரங்கொன்றில் டிராகுலா நாடகம் தொடங்கியது. பிராம் ஸ்ரோக்கர் 1897இல் எழுதிய நாவலில், திரான்சில்வேனியாவிலிருந்து லண்டனுக்குப் போக ஆயத்தப்படும் டிராகுலாவுக்கு ஒரு கவலை இருக்கிறது. தன் பேச்சைக் கேட்டதும் தன்னை அந்நியன் என்று கண்டுபிடித்துவிடுவார்களே என்பதுதான் அது. புத்தகத்தில் இருந்த அந்தக் கவலை லுகோசிக்குச் சொந்த வாழ்க்கையாக இருந்தது. அவருடைய ஊரும் திரான்சில்வேனியாவுக்குப் பக்கத்தில்தான். நாடகம் 261 தடவை மேடையேறியது.

1931 பெப்ரவரியில் யூனிவர்சல் நிறுவனம் டொட் பிரவுனிங் இயக்கத்தில் அதைத் திரைப்படமாக வெளியிட்டது. அந்தப் பாத்திரத்துக்கு முதலில் வேறு நடிகர்களைத்தான் தேடினார்கள். எப்படியும் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று லுகோசி குறைந்த சம்பளத்துக்கு உடன்பட்டார். வாரத்துக்கு 500 டொலர், ஏழு வாரம், மொத்தம் 3,500 டொலர். பிறகு பார்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன். படத்தில் கோரைப்பல் இல்லை, இரத்தம் ஒழுகுவதில்லை, பயமுறுத்தும் பின்னணி இசையும் இல்லை. கண்ணில் மட்டும் மெல்லிய வெளிச்சம் விழுகிறது. மிச்சம் முழுவதையும் அவருடைய முகமும் கையும் குரலும்தான் செய்கின்றன. பின்னால் வந்த ஏராளமான டிராகுலாக்கள் உடுப்பிலும் பேச்சிலும் இவரைப் பார்த்தே செய்யப்பட்டவர்கள்.

அதே வருடம் அவருக்கு அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்தது. ஒரு அகதியின் கதையை இங்கே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் வாசல் திறந்த பேச்சே பிறகு வாசலை அடைத்தது. சாதாரண மனிதராக, காதலனாக, தகப்பனாக நடிக்க அவருக்கு வாய்ப்புகள் மிகக் குறைவு. விசித்திர விஞ்ஞானி, கொலைகாரன், மாயக்காரன் என்றே கூப்பிட்டார்கள். 1930களின் நடுப்பகுதியில் பிரிட்டன் திகில் படங்களுக்குக் கட்டுப்பாடு போட்டதும் ஹொலிவூட் அவற்றை எடுப்பதைக் குறைத்தது. லுகோசிக்கு வேலை நின்றது. வீடு கைவிட்டுப் போனது. 1938 ஜனவரியில் மகன் பிறந்தபோது, வைத்தியசாலைச் செலவைத் திரைத்துறையினரின் நிவாரண நிதி ஏற்க வேண்டியிருந்தது. ஊரில் சங்கம் கட்டியதற்காக நாட்டை இழந்தவர் ஹொலிவூட்டிலும் நடிகர் சங்கம் தொடங்கிய காலத்திலேயே அதில் சேர்ந்திருந்தார்.

1939இல் ஃபிராங்கன்ஸ்டைன் கதை வரிசையின் மூன்றாவது படத்தில், தூக்கில் போட்டும் சாகாமல் கழுத்து முறிந்து திரியும் இகோர் என்ற பாத்திரத்தில் நடித்தார். அவருடைய மிகச் சிறந்த நடிப்பு அதுதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நான்கு வருடங்களுக்குப் பிறகு அதே வரிசையின் இன்னொரு படத்தில் அவர் பேசிய வசனங்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். அந்தப் பாத்திரத்தின் வாயில் அவருடைய உச்சரிப்பு சிரிப்பாக இருந்ததாம். எங்கள் வகுப்பு சிரித்த சிரிப்பு, நாங்கள் பிறப்பதற்கு முன்பே அவருடைய பிழைப்பில் கை வைத்திருக்கிறது.

போர்க்காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. 1944 மார்ச்சில் ஜெர்மனி ஹங்கேரியைப் பிடித்தது. மே நடுப்பகுதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நான்கு இலட்சத்துக்கும் அதிகமான ஹங்கேரிய யூதர்கள் ரயில்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அவுஷ்விட்ஸ். அப்போது லுகோசி, ஜனநாயகத்துக்கான ஹங்கேரிய-அமெரிக்கப் பேரவையின் தலைவர். மிஞ்சியிருக்கும் யூதர்களைக் காப்பாற்ற ஏதாவது செய்யுங்கள் என்று அமெரிக்க அரசைக் கேட்டு, லொஸ் ஏஞ்சல்ஸில் கூட்டத்தில் நின்று பேசினார். திரையில் அவர் பேசியதைக் கேட்கக் கோடிப் பேர் இருந்தார்கள். சொந்த நாட்டில் கொல்லப்படும் மக்களுக்காகத் தூரத்து நாடொன்றில் மேடையேறிக் கத்துவது எப்படிப்பட்ட வேலை என்று இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் பலருக்குத் தெரியும்.

இனி அவருடைய வலியைப் பற்றி.

என் மாமா ஒருவருக்கு நாரிக்குள் ஷெல் துண்டு இருக்கிறது. 2009இல் பட்டது. எடுக்கப் போனால் நடக்க முடியாமல் போகலாம் என்று வைத்தியர்கள் சொன்னதால் அது உள்ளேயே இருக்கிறது. மாரி காலத்தில் அவரால் ஒரு பக்கமாகப் படுக்க முடியாது. குளிசை இல்லாமல் நித்திரை இல்லை. கிளினிக்கில் கொடுப்பது போதாமல் வெளியிலும் வாங்குவார். ஊரில் சிலர் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். காயம் பட்ட நாளில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனமும் அதற்குள் உண்டு. துண்டு உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கண்ணில் படுவது குளிசைதான்.

லுகோசிக்கு வைத்தியர்கள் வலிக்கு மோர்பின் கொடுத்தார்கள். கொஞ்சக் காலத்தில் அது இல்லாமல் முடியாது என்றாகியது. பிறகு மெதடோனும் சேர்ந்தது. நான்காவது மனைவி லிலியன் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அவரை மீட்கப் பார்த்தார். 1953இல் அவரும் பிரிந்தார். 1948இல் ஒரு நகைச்சுவைப் படத்தில் டிராகுலாவாக வந்ததோடு பெரிய நிறுவனங்களின் அழைப்பும் ஏறக்குறைய நின்றுவிட்டது. உலகமே டிராகுலா என்று அழைத்த மனிதர் முழுநீளப் படங்களில் டிராகுலாவாக நடித்தது அந்த இரண்டு தடவைகள்தான். கடைசி வருடங்களில் எட் வூட் என்ற இயக்குநரின் மிக மலிவான படங்களில் நடித்தார்.

1955 ஏப்ரலில், எழுபத்திரண்டு வயதில், தானாகவே முன்வந்து கலிபோர்னியாவில் நோர்வாக் என்ற இடத்தில் இருந்த அரச வைத்தியசாலையில் சேர்ந்தார். ஒளிக்கவில்லை. பத்திரிகையாளர்களைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, தான் மருந்துக்கு அடிமையாகிவிட்டதாகச் சொன்னார். இப்படியான செய்தி வந்தால் நடிகரின் பெயர் முடிந்தது என்றிருந்த காலம் அது. அங்கே இருந்தபோது ரசிகை ஒருவர் அவருக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். ஓகஸ்டில் வெளியே வந்ததும் அவரையே ஐந்தாவது மனைவியாகத் திருமணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம்தான். 1956 ஓகஸ்ட் 16ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் மாரடைப்பால் இறந்தார்.

அவரை டிராகுலாவின் மேலங்கியோடு புதைத்தார்கள். அது அவருடைய கடைசி விருப்பம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லை, மகனும் லிலியனும் எடுத்த முடிவுதான் அது என்று மகன் பிற்காலத்தில் தெளிவாகச் சொன்னார். அந்த மகன் சட்டத்தரணியானார். தகப்பனின் முகத்தைப் பொம்மைகளிலும் முகமூடிகளிலும் போட்டு விற்கும் உரிமை குடும்பத்துக்கே உரியது என்று குடும்பம் யூனிவர்சல் மீது வழக்குப் போட்டது. 1979இல் கலிபோர்னிய உயர் நீதிமன்றத்தில் வழக்கு தோற்றது. சில வருடங்களில், இறந்தவர்களின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமையை வாரிசுகளுக்குக் கொடுத்து அந்த மாநிலம் சட்டம் இயற்றியது.

அவர் இறந்த அடுத்த வருடம், 1957 ஒக்டோபரில், யூனிவர்சலின் பழைய திகில் படங்களை அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்கு விற்றார்கள். இரவில் அவை ஒளிபரப்பாக, ஒரு புதிய தலைமுறைப் பிள்ளைகளுக்கு அவர் மிகப் பிடித்தமான நடிகரானார். 1994இல் வந்த எட் வூட் என்ற படத்தில் அவராக நடித்த மார்ட்டின் லான்டோவுக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது.

போன மாரியில் ஒரு பின்னேரம் மாமாவுக்கு லுகோசியின் கதையைச் சொன்னேன். காயம் பட்டு எத்தனை வருடத்துக்குப் பிறகு வைத்தியசாலைக்குப் போனவர் என்று கேட்டார். 1916இலிருந்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்பது வருடம். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு படத்தைப் போடச் சொன்னார். மடிக்கணினியில் இருவரும் இருந்து பார்த்தோம். பாதிக்கு மேல் போனபோது, இந்தப் படத்தில் மற்றவர்கள் பேசும் ஆங்கிலம் தனக்குப் பிடிபடவில்லை, இந்த மனிதர் பேசுவது மட்டும்தான் விளங்குகிறது என்றார்.