அன்னை மேரி லாங்கே

வெள்ளி விழாக் காணும் நாம் நன்றியுடன் நினைக்கத்தக்க கல்வித் தாய் ஒருவர், அன்னை மேரி லாங்கே ஆவார். கியூபாவில் வளர்ந்த இக்கறுப்பினப் பெண்மணி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குடியேறினார். அம்மாநிலத்தில் அடிமைமுறை நிலவிய காலம் அது. கறுப்பினக் குழந்தைகளுக்கு அரசு நடத்திய இலவசப் பள்ளி ஒன்றேனும் அங்கில்லை. அம்மையார் தம் இல்லத்தையே பள்ளியாக்கி, ஊதியமின்றிக் கற்பித்தார்.

1828இல் ழுபேர் அடிகளாரின் துணையோடு சிறுமியர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1829 ஜூலை 2ஆம் நாள், தோழியர் மூவரோடு துறவு வாக்களித்துக் கன்னியர் சபையை நிறுவினார். அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் கறுப்பினக் கன்னியர் சபை அதுவே. 1832இல் காலரா பரவியபோது இச்சகோதரியர் உயிருக்கு அஞ்சாது நோயாளருக்குப் பணிபுரிந்தனர்.

1843இல் அடிகளார் மறைந்தார், ஆதரவும் குன்றியது. சகோதரியர் பிறர் துணிகளை வெளுத்தும் தைத்தும் பிழைத்தனர். பள்ளியை மட்டும் மூடவில்லை.

1882 பிப்ரவரி 3இல் அன்னை மறைந்தார். 2023இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. அவர் தொடங்கிய பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

செல்வர் கொடை வரலாம், நிற்கலாம். கற்பிப்போர் உறுதி நின்றுவிடலாகாது. இதுவே நம் சங்கம் அவரிடம் கற்கும் பாடமாகும்.