சிரிக்க வைத்த வில்லன்

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சுண்டங்கோட்டையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் டி. எஸ். பாலையா. நாடக மேடையில் பழகிய அவர் 1936இல் 'சதி லீலாவதி' படத்தில் வில்லனாக வந்தார். எம். ஜி. ஆருக்கும் அதுதான் முதல் படம். எம். ஜி. ஆர். கதாநாயகனாகப் பல ஆண்டுகள் காத்திருந்தார். பாலையாவுக்கோ வில்லன் வேஷம் விடாமல் வந்தது.

1949இல் வந்தது 'வேலைக்காரி'. அண்ணாதுரை எழுதிய கதை. ஜமீன்தார் மகன் வீட்டு வேலைக்காரியைக் காதலிக்கிறான். அதில் பாலையா, கதாநாயகனுக்கு வழி காட்டும் நண்பர் மணி.

பணக்காரர், ஏழை என்ற அதே விவகாரத்தை ஸ்ரீதர் 1964இல் வேறு விதமாகச் சொன்னார். படம் 'காதலிக்க நேரமில்லை'. ஈஸ்ட்மென் கலரில் முழுநீளச் சிரிப்புப் படம். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாகப் பாலையா. அவர் வேலையை விட்டு நீக்கிய அசோக், அவர் மகளையே விரும்புகிறான். கோடீஸ்வரன் மகன் என்று பொய் சொல்கிறான். நண்பன் கிழவர் வேஷத்தில் தகப்பனாராக வந்து சேருகிறான். நேற்று விரட்டிய பையனுக்கு இன்று ராஜோபசாரம்! பையன் மாறவில்லை, அவன் பின்னால் பணம் இருப்பதாக அவர் நம்புகிறார், அவ்வளவுதான்.

இந்தத் தகப்பனாரை ஜனங்கள் வெறுத்திருந்தால் படம் கசந்து போயிருக்கும். பாலையா வெறுக்க விடவில்லை. அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், பரமார்த்த குரு கதை எழுதினார் அல்லவா? அந்தக் குருவின் அசட்டுத்தனத்தைப் பார்த்து நமக்குக் கோபமா வருகிறது? இந்த முதலாளியும் அந்த ரகந்தான்.

மகனாக வரும் நாகேஷ், தாம் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையைச் சொல்லும் கட்டத்தைப் பாருங்கள். பேசுவதெல்லாம் நாகேஷ். பாலையா நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார். கண் விரிகிறது, முகம் வெளிறுகிறது, உடம்பு பதறுகிறது. பேசாமலேயே அவர் பாதிச் சிரிப்பைத் தட்டிக்கொண்டு போகிறார். கேட்பதும் ஒரு நடிப்புதான் என்று அன்று பலருக்குப் புரிந்தது. இந்தியிலும் தெலுங்கிலும் இந்தக் கதையை எடுத்தார்கள். தமிழ்நாட்டாருக்கு இந்த மாமனாரே போதும்.

அடுத்த ஆண்டே 'திருவிளையாடல்' படத்தில் செருக்குப் பிடித்த ஹேமநாத பாகவதர் ஆனார். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் தவில்காரர். 1972 ஜூலை 22ஆம் தேதி காலமானபோது அவருக்கு வயது 57.