பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு ஒரு சிவப்பு ஊசி போடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக மரக்கறி உண்ட குடும்பத்தில் பிறந்தவன். உடலில் வைட்டமின் பி12 போதவில்லையாம். மருந்து ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று தாதியிடம் கேட்டேன். அதற்குள் கோபால்ட் இருக்கிறது என்றார். அந்தப் பெயரைத் தேடிப் போனபோதுதான் கியோர்க் பிராண்ட் எனக்கு அறிமுகமானார்.

1694இல் சுவீடனின் ரிடார்ஹூட்டான் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். தந்தை மருந்தாளராக இருந்து சுரங்கத் தொழிலுக்கு வந்தவர். மகனுக்கு உலையும் குடுவையும் சிறுவயதிலேயே பழகிவிட்டன. லைடனில் புகழ்பெற்ற பூர்ஹாவேயிடம் பயின்று, 1726இல் ரைம்ஸ் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் நோயாளிகளிடம் போகவில்லை. 1727இல் ஸ்டாக்ஹோமில் அரசின் சுரங்கத் துறை ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார்.

அக்காலத்தில் ஜெர்மனியின் சாக்சனிச் சுரங்கங்களில் ஒரு கல்லைக் கண்டாலே தொழிலாளர்கள் அஞ்சினார்கள். வெள்ளித் தாது போலத் தோன்றும். உலையில் இட்டால் வெள்ளி வராது, நச்சுப் புகைதான் வரும். மண்ணுக்கடியில் வாழும் 'கோபோல்ட்' என்ற குட்டிச்சாத்தானின் வேலை இது என்று நம்பினார்கள். அதே கல் கண்ணாடிக்கு அழகான நீலத்தையும் தந்தது. அந்தப் பெருமையோ, கூடவே கிடைக்கும் பிஸ்மத்துக்குப் போய்விட்டது.

பிராண்ட் இந்த வழக்கைப் பொறுமையாக விசாரித்தார் என்றே சொல்லவேண்டும். 1733இல் ஆர்செனிக்கை ஆராய்ந்தார்; நச்சுப் புகைக்குக் காரணம் அதுதான். 1735இல் வெளியான கட்டுரையில், நீலத்தைத் தருவது பிஸ்மத் அல்ல, அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகம் என்று காட்டினார். அது காந்தத்தால் ஈர்க்கப்படுவதையும் பின்னர் கண்டார். பெயரை மட்டும் மாற்றவில்லை. குட்டிச்சாத்தானின் பெயரே நிலைத்துவிட்டது.

இன்று நாம் அறிந்த கோபால்ட்டின் அணு எண் 27. சற்றே நீலம் படர்ந்த வெள்ளி நிறம். அடர்த்தி நீரைப்போல் 8.9 மடங்கு; உருகுநிலை 1495 பாகை செல்சியஸ். ஏறத்தாழ 1120 பாகை வரை காந்தத் தன்மையை இழப்பதில்லை. தனிமங்களில் வேறெதுவும் அவ்வளவு வெப்பம் வரை தாங்குவதில்லை. அதன் குளோரைடு உப்பு ஈரத்தில் இளஞ்சிவப்பு, உலர்ந்தால் நீலம்.

பிராண்டின் முடிவைச் சிலர் ஏற்கவில்லை. இரும்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த கலவைதான் அது என்றார்கள். அவர் தம் வேலையைத் தொடர்ந்தார். பொன் செய்வதாகச் சொன்னவர்களின் தந்திரங்களையும் வெளிப்படுத்தினார். அவருடைய மாணவர் குரோன்ஸ்டெட் 1751இல் நிக்கலைக் கண்டுபிடித்தார். 1768இல் பிராண்ட் மறைந்தார். கோபால்ட் தனித் தனிமமே என்று பெரிமான் உறுதிப்படுத்தியது 1780இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள் பிந்திவிட்டது.

அடுத்த ஊசிக்குப் போகும்போது அந்தச் சிவப்பைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். சுரங்கத் தொழிலாளர்கள் சபித்த பெயர், இன்று என் இரத்தத்தில் எனக்காக உழைக்கிறது.