பூண்டித் தண்ணீர் தந்த மேயர்

திருவள்ளூர் அருகே பூண்டியில் ஒரு பெரிய ஏரி உண்டு. அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர். யார் இந்தச் சத்தியமூர்த்தி?

1887-ம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமை திருமயத்தில் பிறந்தவர். வக்கீல். காங்கிரஸ் தலைவர். மேடைப் பேச்சில் புலி. காமராஜரின் அரசியல் குரு.

1939-ல் அவர் சென்னை மேயர் ஆனார். அப்போது சென்னைக்குக் குடிதண்ணீர் தந்தவை சோழவரம், புழல் ஏரிகள். மழை பொய்த்தால் ஏரி வற்றும். குழாயில் தண்ணீர் வராவிட்டால், ஜனங்கள் கண்ட குளத்திலும் கிணற்றிலும் மொண்டு குடிப்பார்கள். காலராவும் பேதியும் அப்படித்தான் வீட்டுக்குள் நுழையும்.

உலக யுத்தம் மூண்ட நேரம் அது. ஆனாலும் மேயர் விடவில்லை. கொசஸ்தலை ஆற்றில் அணை கட்ட அரசாங்கத்தைச் சம்மதிக்க வைத்தார். 1940-ல் வேலை தொடங்கியது.

1942-ல் அவர் சிறை சென்றார். உடல் நலம் கெட்டது. 1943 மார்ச் 28-ந் தேதி காலமானார். அணை முடிந்ததோ 1944-ல்! அந்தத் தண்ணீரில் ஒரு மடக்குகூட அவர் குடிக்கவில்லை.

இன்று திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வரை, தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். ரசாயனக் கழிவு போகாது. ஆகவே, ஏரியிலும் ஆற்றிலும் கழிவு கலக்காமல் காப்பதே முதல் மருந்து. அந்த மேயருக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுதான்.